சமவுயரக் கோடு

மூன்றாம் ஆண்டு, புவியியல்.
களப்பணிக்கு முப்பது மதிப்பெண்.
அவரவர் பகுதியை வரைந்து வரச் சொன்னார்கள்.
எஸ்தருக்கு ராயபுரம்.
தண்டவாளம், தெரு, தெரு, தண்டவாளம்;
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டாள்.
எனக்கு எண்ணூர்.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
கும்மிடிப்பூண்டி வண்டி போய் மறைந்தபின்
பழைய நிலப்படத்தை விரித்தேன்.
நான் நிற்கும் இடம் அதில் நீலம்.
காலடியில் சாம்பல் நொறுங்கியது,
மேலே அப்பளம் போலக் காய்ந்து
உள்ளே ஈரமாக.
செருப்பு ஒன்று புதைந்தது.
இழுத்தெடுத்தபோது அதன் நிறம் ஞாபகம் வரவில்லை.

நீலம் நீருக்கு.
பச்சை மரத்துக்கு.
பழுப்பு மேட்டுக்கு.
சிவப்பு சாலைக்கு:
கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் சாலைக்கு
அது பொருத்தம்தான்.
குறிவிளக்கப் பெட்டியை மூன்று முறை படித்தேன்.
கோயில் உண்டு, மசூதி உண்டு,
தபால் நிலையம் உண்டு, இடுகாடு உண்டு.
சாம்பலுக்கு ஒன்றும் இல்லை.

தேசப்பன் படகை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்.
கொசஸ்தலையின் நடுவில் அவருக்கு
முழங்காலுக்கு மேல் நனையவில்லை.
"இன்னாம்மா அளக்கிற?
போன வாரமும் ரெண்டு பேரு
அளந்துட்டுப் போனாங்க.
தண்ணி ஏறலியே."
அவர் சிரிக்கவில்லை.
நான் அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.
வெந்நீர் வந்து சேரும் வாயில்
வெப்பமானியை நீட்டினேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குளில்
வரும் எண் வந்தது.

இதைச் சொல்லாமல் விட முடியாது:
அப்பா சாம்பல் லாரி ஓட்டுகிறார்.
செங்கல் சூளைக்குச் சொன்னால் சூளைக்கு,
சிமெண்டு ஆலைக்குச் சொன்னால் ஆலைக்கு,
ஓரமாகக் கொட்டச் சொன்னால் ஓரத்துக்கு.
என் செமஸ்டர் கட்டணம்
ஏதோ ஒரு ஓரத்திலிருந்து வந்தது.

சமவுயரக் கோடென்பது
ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பது.
முதலாண்டில் மனப்பாடம் செய்த வரையறை.
புயலுக்குப் பின்னால் எண்ணெய் வந்த டிசம்பரில்
எங்கள் தெருவுக்கு அது வீடு தேடி வந்தது.
செலின் அக்கா வீட்டில் ஜன்னல் கட்டையில்,
எங்கள் வீட்டில் சுவிட்சுப் பெட்டிக்கு நாலு விரல் கீழே,
ரேஷன் கடையில் பாமாயில் விலைக்கு நேராக,
பாலவாடியில்
பிள்ளைகள் உயரம் பார்க்க ஒட்டிய ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில்.
தரையிலிருந்து அளந்தால் வேறு வேறு எண்.
கடலிலிருந்து அளந்தால் ஒன்றே.
சுண்ணாம்பு அடித்தோம்.
பொங்கலுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன்.
நிவாரணக் கணக்கெடுப்பு என்று நினைத்து
ஆதார் அட்டையோடு வாசலுக்கு வந்தார்கள்.
"இல்லக்கா, காலேஜுக்கு."
"அப்ப எங்க பேர எழுத மாட்டியா?"

கோட்டின் மேல் உயரத்தை எழுத வேண்டும்.
நான் பேர்களை எழுதினேன்,
கோடு வளையும் இடங்களில் எழுத்தையும் வளைத்து.

ராத்திரி ஷிஃப்டு முடிந்து வந்த அப்பா
விளக்கைப் போடாமல், கையும் கழுவாமல்
தாளின் மேல் குனிந்தார்.
"இங்கதான் வண்டியத் திருப்புவேன்" என்று
நீலத்தில் கட்டைவிரலை வைத்தார்.
எடுத்ததும் பதறிப்போனார்.
"ஐயோ, கறையாயிடுச்சே. வேற தாள் வாங்கிக்கிறியா?"
"வேணாம்ப்பா" என்றேன்.
அவர் தூங்கியபின்
குறிவிளக்கப் பெட்டியின் கடைசியில்
ஒரு சிறிய கட்டம் போட்டேன்.

"இது நிலப்படமா, வாக்காளர் பட்டியலா?" என்றார்
வெளித்தேர்வாளர்.
அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
முப்பதுக்குப் பத்தொன்பது.
நீலத்தின் நடுவில் இருந்த ரேகையை மட்டும்
நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டிப் பார்த்தார்.
பிறகு நகத்தைப் பார்த்தார்.
பிறகு கைக்குட்டையைத் தேடினார்.
"அடுத்தது யாரு?"

எஸ்தர் தன் நேர்கோடுகளைச் சுருட்டிக்கொண்டு
உள்ளே போனாள்.